மோட்டாரைத் தொட்டு ஐந்து வரை எண்ணுவது

எனக்குப் பணி நிறைவு விழா நடந்தபோது வயது இருபத்தெட்டு. சால்வை, மாலை, மைசூர்பாகு எல்லாம் முறைப்படி இருந்தன. திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடை மாடியில் எங்கள் பட்டறை. அங்கே தெர்மாகோல் இறக்கைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, "அன்னாரின் எஞ்சிய காலம் அமைதியாகக் கழியட்டும்" என்று எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பிரவீனா வாழ்த்து மடல் வேறு வாசித்தாள். அரசுத் தேர்வில் தேறி, கிராம நிர்வாக அலுவலராகப் போகிறவனுக்கு அவர்கள் வைத்த கேலி அது. ஆனால் மாலை நிஜ மாலை. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு அதன் ஈரம் கழுத்தில் பட்டதும், ஆறு வருட வேலை உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று உறைத்தது.

அந்த ஆறு வருடமும் பேட்டரியில் பறக்கும் சின்ன விமானங்களுக்கு மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் பேட்டரியும் பொருத்திக் கொடுப்பதுதான் என் வேலை. போட்டிக்குப் போகும் கல்லூரிக்காரர்கள், வயலை மேலிருந்து படம் எடுக்க நினைப்பவர்கள், சும்மா ஆசைக்குப் பறக்கவிடுகிறவர்கள் எல்லாரும் எங்களிடம் வருவார்கள். இப்போது அதற்குப் போனிலேயே ஆப் வந்துவிட்டது. எடையைக் கொடுத்தால் எந்த மோட்டார், எந்த ப்ரொப்பெல்லர், எத்தனை செல் பேட்டரி என்று நொடியில் சொல்லிவிடுகிறது. போன வாரம் பிரவீனா கூப்பிட்டாள்.

"அண்ணா, ஆப்பு சொல்றது கரெக்டாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் மோட்டார தொட்டுக்கிட்டு? மேடத்த கேட்டா, 'செல்வத்த கேளு'ன்னுட்டுப் போயிட்டாங்க. அப்படி என்னா பண்ணீங்க நீங்க?"

"எழுதி அனுப்புறேன்" என்றேன். இது அவளுக்காக ஆரம்பித்தது. எழுத எழுத நீண்டுவிட்டது.

சிதம்பரத்தில் நான்கு வருடம் மின்னியல் படித்தேன். கடைசி வருடம் பதினைந்து நாள் பயிற்சிக்கு என்று பட்டறைக்கு வந்தவன் அங்கேயே தங்கிவிட்டேன். முதல் வருடம் முழுவதும் ப்ரொப்பெல்லர்களைச் சமன் செய்ததுதான் வேலை. மெல்லிய கம்பியில் படுக்கையாக நிறுத்தினால் கனமான இலை கீழே சாயும். எதிர் இலையின் முதுகில் ஒரு துண்டு டேப் ஒட்ட வேண்டும். மறுபடி நிறுத்த வேண்டும். இரண்டு இலையும் எந்தப் பக்கமும் சாயாமல் அப்படியே நிற்கும் ஒரு கணம் உண்டு. கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வரும். ஜன்னல் வழியாக வெயில் வரும். என்னைப் போல ஓரிடத்தில் உட்காராதவன் ஒரு வருடம் அங்கே உட்கார்ந்தது அந்தக் கணத்துக்காகத்தான்.

ஜெசிந்தா மேடத்துக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு இந்தப் பட்டறையைத் தொடங்கினார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மோட்டார் சுற்றும்போது அதே சுருதியில் மெல்ல முனகுவார். முனகலை நிறுத்தி "ஒம்பதாயிரம் சுத்து" என்பார். மீட்டரைப் பார்த்தால் கொஞ்சம்தான் முன்னே பின்னே இருக்கும். கோபம் வந்தால் ஒரே ஒரு மாற்றம் தெரியும். "வாப்பா, போப்பா" என்று பேசுகிறவர் "வாங்க, போங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த மரியாதைக்குப் பட்டறையே நடுங்கும்.

அவர் வைத்திருந்த முறை இதுதான். விமானத்தை மேசையோடு கட்ட வேண்டும். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நிற்க வேண்டும், பக்கவாட்டில் நிற்கக் கூடாது. முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டி, மீட்டரில் கரண்ட் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நிறுத்தி, பேட்டரியைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகுதான் கை முன்னால் போகலாம். நடுவிரலை மோட்டாரின் அடிப்பாகத்தில் வைக்க வேண்டும். சுற்றுகிற மேல் மூடியில் வைக்கக் கூடாது, அது காற்றில் ஆறி நல்ல பிள்ளையாக நடிக்கும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து வரை விரல் நின்றால் பொருத்தம் சரி. மூன்றிலேயே எடுத்துவிட்டால் ப்ரொப்பெல்லரை ஒரு அளவு குறைக்க வேண்டும்.

வெப்பமானி எங்களிடம் இருந்தது. அதில் வரும் எண்ணையும் எழுதுவோம். ஆனால் அது பார்க்கிற அந்த நொடியின் சூட்டை மட்டும் சொல்லும். உள்ளே சுருளில் இருக்கும் சூடு வெளியே நடந்து வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். விரல் அதற்காகக் காத்திருக்கும்.

எல்லாம் முடிந்ததும் விமானத்தின் வயிற்றில் வெள்ளை டேப் ஒன்றை ஒட்டி, அதில் பென்சிலால் எழுதுவோம். மோட்டார், ப்ராப் என்று ப்ரொப்பெல்லரின் அளவு, செல், கரண்ட். கடைசியாக "தொட்டது" என்று ஒரு கட்டம். தொட்டவர் அதில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். என்னுடையது "செ". மோட்டார், ப்ராப், செல் மூன்றில் எதை மாற்றினாலும் பழைய டேப்பை உரித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். "மூணுல ஒண்ணு மாறுனா மூணும் மாறுன மாதிரிதான்" என்பார் மேடம்.

இது ஏன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மோட்டார், ஒரு வோல்ட் கொடுத்தால் இத்தனை சுற்று சுற்றுவேன் என்று வாக்குக் கொடுத்துப் பிறந்தது. ப்ரொப்பெல்லர் அந்தச் சுற்றைக் காற்றில் செலவழிக்கும். ப்ரொப்பெல்லர் பெரிதானால், மோட்டார் தன் வாக்கைக் காப்பாற்றப் பேட்டரியிடம் இன்னும் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே பேச்சு சூடுதான்.

பண்ருட்டியிலிருந்து பலா மண்டிக்காரர் ஒருவர் வந்தார். தனக்கென்று ஒரு விமானம் வேண்டும், முதலில் ஒரு பலாச்சுளையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றார். தூக்கிக் காட்டினோம். அடுத்து அவர் கண் ப்ரொப்பெல்லர் மேல் விழுந்தது.

"என்னா மேடம், ரெண்டே எலை? மூணு போடுங்க. பாக்க லட்சணமா இருக்கும்."

மேடம் மறுத்துப் பேசவே இல்லை. அதே நீளத்தில் மூன்று இலை மாட்டி, ஒரு நிமிடம் ஓட்டி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, "தொட்டுப் பாருங்க சார்" என்றார். இரண்டு எண்ணும் முன்னே அவர் கையை உதறினார்.

"ஏம்மா! முந்திரி வறுக்கிற சட்டி மாதிரி கொதிக்குது!"

"அதான் சார் லட்சணம்" என்றார் மேடம். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு இலையோடு ஊருக்குப் போனார்.

அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டவன்தான். அடுத்த வருடம் சுகந்தி அக்கா வந்தார்.

சிதம்பரத்திலிருந்து கடல் பக்கம் போகிற வழியில், அலையாத்திக் காட்டுக்கு இந்தப் பக்கம், அவருக்கு மூன்று இறால் குட்டைகள். வயது முப்பத்தைந்து இருக்கும். கணவர் இல்லை. தாய்மாமன் கலியபெருமாள்தான் துணை. வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கூடக் குடிக்காமல் பேச ஆரம்பித்தார்.

"பக்கத்துக் குட்டையில வெண்புள்ளி நோய் வந்துடுச்சு மேடம். இறால் எல்லாம் செத்து மெதக்குது. அந்தாளு அப்படியே போட்டுட்டுப் போயிட்டாரு. நீர்க்காகம் வந்து அதுல தின்னுட்டு, வாயில ஒண்ண கவ்விக்கிட்டு என் குட்டை மேல பறக்குது. ஒண்ணே ஒண்ணு தவறி என் தண்ணியில விழுந்தாப் போதும். மூணு நாள்ல என் குட்டையும் காலி."

"எத்தனை நாள் தாங்கணும்?"

"பன்னண்டு நாள். இறாலு இன்னும் பன்னண்டு நாள் வளரணும், அப்பதான் புடிக்க முடியும். வெடி போட்டோம். ரெண்டு நாள் பயந்துச்சு, இப்ப வெடி வச்சா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. போன தடவையும் எனக்கு இப்படித்தான் போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா குட்டைய மூடிட்டு நான் மெட்ராஸ்ல எங்கயாவது வேலைக்குப் போவணும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அந்தத் தண்ணிய விட்டா வேற எதுவும் தெரியாது மேடம்" என்றார்.

பருந்து மாதிரி ஒரு விமானத்தைக் காலையும் மாலையும் குட்டைக்கு மேலே விட வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. மேடம் அனுமதிக் கடிதத்துக்கு ஏற்பாடு செய்தார். கையிருப்பில் இருந்த ஒன்றரை மீட்டர் இறக்கை விமானம் ஒன்றைச் சோதித்து, டேப் ஒட்டி, என்னோடு அனுப்பினார். மூன்று செல் பேட்டரி, பத்து அங்குல ப்ரொப்பெல்லர், பதினெட்டு ஆம்பியர். மேடமே தொட்டு "ஜெ" என்று போட்டிருந்தார். குட்டைக் கரையில் காவல் கொட்டகையில் நான் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அந்த இடத்தை எப்படிச் சொல்ல? விடியும்போது தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இருக்காது. குட்டையில் காற்றுக் கலக்க ஓடும் ஏரேட்டர் சக்கரங்கள் தண்ணீரைச் சளப் சளப் என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்திலேயே தூங்கி அந்தச் சத்தத்திலேயே விழித்தால், உடம்பே ஒரு குட்டை மாதிரி லேசாக அசைந்துகொண்டிருக்கும். தூரத்தில் அலையாத்திக் காட்டிலிருந்து கறுப்புப் புள்ளிகளாக நீர்க்காகங்கள் எழும்பும்.

காலையில் விமானம் நன்றாகவே வேலை செய்தது. பறவைகள் திரும்பிப் போயின. சிக்கல் சாயங்காலம் வந்தது. கடல் காற்று எழும்பியதும், விமானம் கிழக்கே போக முடியாமல் முழு வேகத்தில் இருந்த இடத்திலேயே தவித்தது. இரண்டு நீர்க்காகங்கள் அதற்குக் கீழாகவே நிதானமாகப் பறந்து போயின. கலியபெருமாள் மாமா வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மேலே பார்த்தார்.

"என்னா இன்ஜினீயரே, ஒரே எடத்துல நிக்கிறதுக்கு ஏரோப்ளேன் எதுக்கு? ஒரு கம்ப நட்டு உச்சில கட்டி உட்டுருக்கலாமே."

மூன்று நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் சுகந்தி அக்கா, "தம்பி, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வேகம் குடுக்க முடியாதா?" என்றார். கெஞ்சவில்லை, கேட்டார், அவ்வளவுதான். ஆனால் கண் மேற்கே பக்கத்துக் குட்டையிலேயே இருந்தது. ஏழெட்டுப் பறவைகள் அங்கே இறங்கியிருந்தன.

என் பையில் கல்லூரி மாணவர்களுக்காக வைத்திருந்த நான்கு செல் பேட்டரி ஒன்று இருந்தது.

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். மூன்று செல்லுக்குப் பதில் நான்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். பதினெட்டு ஆம்பியர் இருபத்து நாலாகும். மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடுகிற சிறு பலகை முப்பது வரை தாங்கும். பறக்கும்போது இன்னும் குறையும். எனவே கவலை இல்லை. கணக்கு அழகாக இருந்தது. ப்ரொப்பெல்லரை மாற்றவில்லை. மேசையில் கட்டி ஒரு நிமிடம் ஓட்டவும் இல்லை, பறவைகள்தான் வந்துவிட்டனவே. பழைய டேப்பை உரித்தேன். புது டேப் ஒட்டினேன். செல் என்ற இடத்தில் 4 என்று எழுதினேன். கரண்ட் என்ற இடத்தில் 24 என்று எழுதினேன். "தொட்டது" கட்டத்தில் பென்சில் ஒரு கணம் நின்றது. "செ" என்று போட்டேன்.

அதன் பிறகு அது பறந்ததைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதுவும் பறந்ததில்லை. கையைவிட்டதும் காற்றைக் கிழித்துக்கொண்டு நேரே கிழக்கே ஏறியது. சாயங்கால வெயில் இறக்கையின் அடியில் பட்டுத் தங்கமாக வழிந்தது. நீர்க்காகங்கள் சிதறி ஓடின. அக்கா கை தட்டினார். மாமா கூட வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் தரையில் இல்லை, அதற்குள்ளே இருந்தேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். சத்தம் நின்றது. நூல் போல ஒரு புகை தெரிந்தது. மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நடுக்குட்டையில் போய் விழுந்தது. விழுந்தது அக்காவின் குட்டை.

பேட்டரி தண்ணீரில் ஊறினால் விஷம் கசிந்து குட்டையைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டி, மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். அதே நேரம், துரத்த எதுவும் இல்லாததால், பக்கத்துக் குட்டையிலிருந்து ஒரு நீர்க்காகம் எழும்பியது. அலகில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. எங்கள் குட்டையின் விளிம்பை நோக்கி வந்தது.

"ஏய்! ஏய்! ஏய்!" அக்கா கரை மேல் ஓடினார். முந்தானையை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடினார். நானும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். பறவை திடுக்கிட்டுத் திரும்பியது. அலகிலிருந்தது நழுவியது.

கரையில் விழுந்தது. தண்ணீருக்கு இரண்டு அடி இந்தப் பக்கம்.

அக்காவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செத்த இறால் ஒன்று. மாமா ஈரத்தோடு வந்து, ஒரு கையில் பேட்டரியோடு, மறுகையால் அதன் மேல் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டி அங்கேயே புதைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு சக்கரம் சுத்துற ஏரேட்டர் மோட்டாருல நாலு சக்கரம் மாட்டுனா பொகையும். எனக்கே தெரியும். நீ எங்க மாப்ள படிச்ச?"

மறுநாள் முதல் பஸ்ஸில் மேடம் வந்தார். நான் போனில், "காத்துல விழுந்துடுச்சு மேடம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விமானத்தைத் திருப்பி வயிற்றைப் பார்த்தார். பென்சில் எழுத்துத் தண்ணீரில் அழிவதில்லை. மோட்டாரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கருகிய சுருளின் வாசனை ஒரு முறை தெரிந்துகொண்டால் மறக்காது.

"தொட்டீங்களா, செல்வம்?"

அந்த "ங்க" வந்துவிட்டது. பொய்யை இன்னொரு முறை சொல்ல வாய் திறந்தேன். "இல்ல மேடம்" என்றுதான் வந்தது.

அவர் டேப்பை மெல்ல உரித்து என் உள்ளங்கையில் ஒட்டினார். "இது உங்களோடது. வச்சுக்குங்க." பிறகு சுகந்தி அக்காவிடம் போனார். "இது காத்தால விழலம்மா. எங்க ஆளு சோதிக்காம சோதிச்சேன்னு எழுதிட்டாரு. தப்பு எங்களுது."

அக்கா என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "சரிங்க மேடம். எனக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு. வேற என்னா கொண்டாருவீங்க?" என்றுதான் கேட்டார்.

மேடம் கணக்கை மணலில் குச்சியால் எழுதிக் காட்டினார். வோல்ட் மூன்றில் ஒரு பங்கு கூடினால் சுற்று மூன்றில் ஒரு பங்கு கூடும், அது சரி. ஆனால் ப்ரொப்பெல்லர் காற்றை அடிக்கக் கேட்கும் சக்தி இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். கரண்ட் இருபத்து நாலு அல்ல, முப்பதைத் தாண்டியிருக்கும். பரீட்சையில் இதே கணக்குக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கரையில் நின்றபோது எனக்கு அந்த மூன்றில் ஒரு பங்குதான் நினைவுக்கு வந்தது, ஏனென்றால் எனக்கு வேண்டியது அந்த விடைதான்.

"இப்ப என்னா பண்ணலாம் மேடம், ப்ராப்ப சின்னதாக்கி நாலு செல்லு..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா என்னமோ சொன்னாராமே. கம்ப நட்டுக் கட்டி உட்டுருக்கலாம்னு."

"கிண்டலுக்குச் சொன்னேம்மா" என்றார் மாமா, சங்கடமாக.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அங்க பாருங்க."

மேலே பார்த்தோம். கரைக்கு நேர் மேலே, காலைக் காற்றை எதிர்த்து ஒரு செம்பருந்து நின்றுகொண்டிருந்தது. இறக்கையை அடிக்கவே இல்லை. காற்றில் சாய்ந்துகொண்டு, தூங்குவது போல, அப்படியே நின்றது.

"அது எங்கயும் போகல. நிக்கிறதுக்குத்தான் பறக்குது. நமக்கும் அதான் வேணும்" என்றார் மேடம்.

அடுத்த பஸ்ஸில் மேடமும் நானும் பட்டறைக்குத் திரும்பினோம். அன்று பகல் முழுவதும் அங்கே நடந்ததை நான் இன்னும் கனவில் பார்ப்பதுண்டு. இரண்டு மீட்டர் நீள இறக்கை. அதே மூன்று செல் பேட்டரிதான், ஆனால் கொள்ளளவு பெரியது. மோட்டார் மட்டும் நேர் எதிர் சாதி. வோல்ட்டுக்குக் குறைவான சுற்று, நிதானமானது. அதற்குப் பதின்மூன்று அங்குல ப்ரொப்பெல்லர். நிறுத்தினால் இலைகள் பின்னால் மடிந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும் வகை அது. பன்னிரண்டு மாட்டிப் பார்த்தோம், தள்ளு போதவில்லை. பதினாலு மாட்டினோம், நான்கு எண்ணும்போது விரல் கூசியது. பதின்மூன்றில் மேடத்தின் முனகல் தாழ்ந்து, அடித்தொண்டையில் போய் நின்றது. பதினாலு ஆம்பியர். நிறுத்தினேன். கழற்றினேன். விரலை வைத்தேன். ஐந்தோடு நிறுத்தாமல் பத்து வரை எண்ணினேன். டீ குடித்து முடித்த டம்ளர் போல வெதுவெதுப்பு. மேடம் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க" என்று சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"போடுப்பா" என்றார்.

அன்று மாலையே கரைக்குத் திரும்பினோம். அக்கா அதன் தலைக்கு வெள்ளையும் முதுகுக்குச் செங்காவியும் பூசினார். மாமா படகுக்கு அடிக்கும் பெயின்ட்டை எடுத்து வந்ததை மட்டும் மேடம் தடுத்துவிட்டார். "அது கனம் மாமா. இது பறக்கணும்."

அதற்குப் பிறகான நாட்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே நீண்ட காலை போல இருக்கிறது. கிழக்குக் கரையில் நின்று கையிலிருந்து விடுவேன். கால் நிமிடம் மோட்டார் ஓடும். நிறுத்தினால் இலைகள் மடிந்துகொள்ளும். அப்புறம் சத்தமே இல்லை. காற்றில் சாய்ந்து, பறவைகள் வரும் வழியில், அது அப்படியே நிற்கும். இறங்குவது போல இருந்தால் மோட்டாரைக் கொஞ்சம் முனகவிடுவேன். எந்தக் காற்று எங்களைத் தவிக்கவிட்டதோ அதுவே இப்போது அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீரில் அதன் நிழல் அசையாமல் கிடக்கும். அலையாத்திக் காட்டிலிருந்து வரும் நீர்க்காகங்கள் அந்த நிழலைப் பார்த்துத் தூரத்திலேயே வளைந்து திரும்பும். ஒரு பேட்டரி நாற்பது நிமிடம் வந்தது.

ஒவ்வொரு முறை இறங்கியதும் தொட்டேன். ஒவ்வொரு முறையும் டேப்பில் எழுதினேன். நான்காம் நாள் அக்கா, "நான் தொடட்டா?" என்றார். எண்ணினார். "சு" என்று போட்டார். மறுநாள் மாமாவும் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். ஐந்து வரை எண்ணிவிட்டு, "சூடே இல்லியே, உசுரு இருக்குதா மாப்ள?" என்றார். டேப்பில் "க" என்று பெரிதாக எழுதினார், பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விட்டது.

ஏழாம் நாள் காலை அந்த நிஜப் பருந்து வந்தது. எங்களுடையதைக் கொத்தப் போகிறது என்று நினைத்துக் கீழே இறக்கப் பார்த்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "இருங்க தம்பி." அது மேலே வந்து, ஒரு முறை சுற்றி, பக்கத்திலேயே நின்றது. இரண்டும் ஒரே காற்றில் சாய்ந்துகொண்டு நின்றன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஏரேட்டர் மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. அது போன பிறகுதான் அக்கா என் மணிக்கட்டை விட்டார்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் மாமா வீச்சு வலையை எறிந்தார். அக்கா ஒரு இறாலை எடுத்து, தலை ஓட்டைக் கிள்ளி உரித்து, சூரியனுக்கு நேராகப் பிடித்தார். நோய் வந்திருந்தால் ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஓடு கண்ணாடி போல இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. பத்தாவதைப் பார்த்து முடித்ததும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐஸ் லாரிக்குச் சொல்லு மாமா" என்றார்.

பிரவீனா, நான் செய்தது இதுதான். ஆப் கொடுக்கும் எண் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். என்னுடைய கணக்கைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் "தொட்டது" என்கிற கட்டத்தில் அது தன் எழுத்தைப் போடாது. உன் எழுத்துதான் அங்கே இருக்கும்.

இப்போது எனக்குக் குமராட்சிப் பக்கம் ஒரு கிராமம். போன மழையில் கொள்ளிடத்து ஓரம் வயலெல்லாம் தண்ணீர் ஏறி, ஒரு வாரம் நின்று வடிந்துகொண்டிருந்தது. பயிர்ச் சேதம் பார்த்து எழுத வேண்டும். கிராம உதவியாளரும் நானும் வரப்பில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே பரந்த வயல், தண்ணீருக்கு மேலே பச்சை நுனிகள் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. வயலுக்குச் சொந்தக்காரப் பெண்மணி வரப்பு ஓரத்தில் நின்றார்.

"இது தப்பிச்சுடுச்சு சார்" என்றார் உதவியாளர். "பச்சப் பசேல்னு இருக்கு பாருங்க. சேதம் இல்லன்னு எழுதிக்கலாம். எறங்காதீங்க, முட்டி வரைக்கும் சேறு."

படிவத்தை விரித்தேன். அடியில் அச்சடித்த வரி ஒன்று இருந்தது: நேரில் பார்வையிட்டேன். பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தேன். அடையாள அட்டைக்குப் பின்னால் நான்காக மடித்து வைத்திருக்கும், அன்று மேடம் என் கையில் ஒட்டிய வெள்ளை டேப் ஈரமாகாமல் இருக்க, அட்டையைத் தூக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இறங்கினேன். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. குனிந்து, ஒரு பயிரின் அடியைத் தேடிப் பிடித்து, விரல்களை அங்கேயே வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"என்னா சார் எண்ணுறீங்க?" என்று வரப்பிலிருந்து அந்தப் பெண்மணி கேட்டார்.

நான்கு, ஐந்து. லேசாக இழுத்தேன். நல்ல பயிர் மண்ணை விடாது. இது எந்தத் தடையும் இல்லாமல், நூல் போல, கையோடு வந்துவிட்டது. வேர் முழுவதும் கறுத்து அழுகியிருந்தது. பக்கத்துப் பயிரை இழுத்தேன். அதுவும் வந்தது. நடு வயல் வரை நடந்து அங்கேயும் இழுத்துப் பார்த்தேன்.

கரைக்கு வந்து, வேர்களை அவர் பார்க்கும்படி வரப்பில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.